சீட்டுக்கு அடியில் மூன்று பிளக்

திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழே உருவாவது குறைவு. நூல் ஓரிடத்தில் துணியாகும். சாயம் வேறிடத்தில் ஏறும். காம்பாக்டிங் ஒரு பக்கம், கட்டிங் இன்னொரு பக்கம். வெட்டிய பீஸ் கட்டுக்கட்டாகப் பவர் டேபிள் என்கிற தையல் கூடத்துக்குப் போகும். தைத்து முடிந்ததும் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று மறுபடி ஊரைச் சுற்றும். இத்தனை இடங்களுக்கும் நடுவே துணியைச் சுமந்து ஓடியது பெரும்பாலும் மாருதி ஆம்னி வேன்தான். 2005-இல் டாடா ஏஸ் வந்து சுமையைப் பங்கு போட்டுக்கொண்டது. அன்று வந்த ஏஸ் டீசல் வண்டி, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. மெக்கானிக்கான என் புறங்கையில் இருக்கும் தழும்புகளில் முக்கால்வாசி ஆம்னி கொடுத்தவை.

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த வண்டி அது. 1988-இல் ஆம்னி ஆனது. 2019-இல் உற்பத்தி நின்றது. மாருதி 800-இல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். 800-இல் பானெட்டைத் திறந்து நின்றபடியே வேலை பார்க்கலாம். வேனில் அந்த இன்ஜினை முன் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். மூக்கு இல்லாததால் பின்னால் சுமைக்கு இடம் கிடைத்தது, சின்னச் சந்துக்குள்ளும் வளைந்து திரும்ப முடிந்தது. காதர்பேட்டைச் சந்துகளுக்கும் ராயபுரத்துச் சந்துகளுக்கும் அதைவிடப் பொருத்தமான வண்டி இன்றுவரை வரவில்லை என்றுதான் சொல்வேன். துணிக்குக் கொடுத்த அந்த இடத்தை மெக்கானிக்கின் கையிடமிருந்து பிடுங்கினார்கள். சீட்டைப் பின்னுக்குச் சாய்த்து, மூடியை எடுத்துவிட்டு, ஒரு கால் தரையிலும் ஒரு முழங்கால் உள்ளேயுமாகக் குனிய வேண்டும். தலை டேஷ்போர்டில் இடிக்கும். நம் நிழலே குழியில் விழுந்து, பார்க்க வேண்டிய இடத்தை மறைக்கும். சித்திரை வெயிலில் ஓடி வந்த வண்டியென்றால் முகத்தில் அனல் அடிக்கும்.

நான் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், மங்கலம் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில். எங்கள் மேஸ்திரி அதிகம் பேச மாட்டார். வேன் வேலைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்: "எட்டி எட்டிப் பாக்காத கண்ணு. கை பாக்கட்டும்." டார்ச்சைப் பிடுங்கி வைத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு டிஸ்டிரிபியூட்டரிலிருந்து ஒவ்வொரு ஒயராகத் தடவிக்கொண்டே போய், எது எந்தச் சிலிண்டருக்கு என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஸ்பேனர் கைக்கு வரும்.

பிளக் மாற்றுவது கடினமான வேலை இல்லை. வண்டி வைத்திருக்கும் யாரும் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் புது பிளக் போட்டுக் காசு வாங்கிவிடுவார்கள், பழையது தகர டப்பாவுக்குள் போய்விடும். வண்டிக்காரர் பார்க்க வேண்டியதே அந்தப் பழையதைத்தான். புதிது போடுவது பாதி வேலை, கழற்றியதைப் படிப்பது மீதி.

முதலில் பொறுமை. சூட்டோடு பிளக்கைக் கழற்றக் கூடாது. ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும், இளகியும் இருக்கும். அந்த நேரத்தில் பலத்தைக் காட்டினால் பிளக்கோடு சேர்ந்து மரையும் பிய்ந்து வரும். ஆனால் வண்டி எங்களிடம் வருவதே நடு ஓட்டத்தில் மிஸ்ஸிங் அடித்த பிறகுதான். "அண்ணா, டேபிள்ல ஆளுங்க பீஸ் இல்லாம ஒக்காந்திருக்காங்கண்ணா, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க" என்று டிரைவர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிப்பார். அவர் தவிப்பில் நியாயம் உண்டு. பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு, துணி வராத ஒரு மணி நேரம் என்பது சம்பளமில்லாத ஒரு மணி நேரம். இருந்தாலும் கையை வைக்க மாட்டோம். டீ குடித்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவோம்.

அடுத்தது பஞ்சு. வெளியூர் மெக்கானிக்குக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நிட்டிங் ஓடும் இடத்திலும் ஓவர்லாக் ஓடும் இடத்திலும் காற்றே பஞ்சுதான். அங்கேயே நாளெல்லாம் நிற்கும் வேனின் இன்ஜின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அது சாம்பல் நிற மெத்தையாகப் படிந்திருக்கும். பிளக் உட்காரும் இடத்தைச் சுற்றிலும் அது இருக்கும். அப்படியே கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும், கூடவே மணலும். அதனால் பிளக்கை ஒரு சுற்று மட்டும் இளக்கிவிட்டு, கம்ப்ரஸர் காற்றால் சுற்றிலும் ஊதி எடுத்த பிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். வீட்டில் கம்ப்ரஸர் இல்லையென்றால் சைக்கிள் பம்பு போதும்.

துடைக்கும் துணியிலும் கவனம் வேண்டும். நாட்டில் எந்த ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பார்த்தாலும் கை துடைக்கக் கிடப்பது பனியன் வேஸ்ட். அதில் நிறைய நம் ஊரிலிருந்து போவது. எங்களுக்கு அது கையெட்டும் தூரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. அதிலும் தரம் பிரிக்க வேண்டும். ஓவர்லாக் மிஷின் கத்தி சீவித் தள்ளும் நாடா வேஸ்ட்டைப் பிளக் குழி பக்கமே கொண்டு போகக் கூடாது. நூல் நூலாகப் பிரிந்து உள்ளே விழும். கட்டிங் டேபிளில் மிஞ்சும் பெரிய துண்டுதான் சரி. மரையைத் துடைக்க அதன் ஓரத்தை உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும்.

ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும். இந்த இன்ஜினின் வெடிப்பு வரிசை 1-3-2. மூன்று ஒயரையும் ஒன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிறகு எது எங்கே என்று திகைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றிச் சொருகினால் வண்டி இருமும், சைலன்சரில் வெடிக்கும். ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருக்கும் இணைப்பு அறுந்துபோகும். வெளியே ஒரு கீறலும் தெரியாது. புது பிளக் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லையே என்று நாள் முழுக்கத் தேட வைக்கும்.

கழற்றிய மூன்றையும் கட்டிங் துண்டின் மேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை மாறாமல் வைக்க வேண்டும். இங்கேதான் எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது. இன்ஜினுக்குள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சாட்சி சொல்லும் பாகம் பிளக் ஒன்றுதான். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாக, உலர்ந்து இருந்தால் எரிப்பு சரி. மூன்றும் மசி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. பளபளவென்று ஈரக் கறுப்பு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப்போய்ச் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால் சூடு எல்லை மீறுகிறது. மூன்றில் ஒன்று மட்டும் வேறு முகம் காட்டினால் கார்புரேட்டரைத் திட்ட வேண்டாம், குறை அந்த ஒரு சிலிண்டரில் இருக்கிறது.

திருப்பூர் வேன்களில் நான் அதிகம் பார்த்தது உலர்ந்த கறுப்பு. காரணம் ஊரின் ஓட்டமே. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்துபோகும். கட்டிங்கிலிருந்து டேபிளுக்கு இரண்டு கிலோமீட்டர், அங்கே லோடு இறக்க நிறுத்தம், திரும்ப ஒரு கிலோமீட்டர், நடுவில் புஷ்பா ஸ்டாப் சிக்னலில் முதல் கியரில் ஊர்தல். இப்படி ஓடும் வண்டியில் நுனி அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. அத்தோடு ஏர் ஃபில்டரைப் பஞ்சு அடைத்துக்கொள்ளும்; கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தால் பெட்ரோல் பங்கு கூடிவிடும். காலையில் இழுத்த சோக்கை உள்ளே தள்ள மறந்த டிரைவர் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த வண்டிகளுக்கு நான் சொன்ன முதல் வைத்தியம் புது பிளக் இல்லை. ஃபில்டரை வாரம் ஒருமுறை ஊதி எடுங்கள், முடிந்தபோது அவினாசி ரோட்டில் நாலாவது கியரில் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். பிறகு வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகளில் உள்ளே போகும் காற்றைக் கணக்குப் பார்த்தே பெட்ரோல் விடுவதால் இந்தக் கறுப்பு வெகுவாகக் குறைந்தது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்காகப் போராடிய விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது. வேலையின்றி நின்றவர்களின் வயிற்றிலும் பசி இருந்தது. அந்த மாதங்களில் பல வேன்கள் வாசலிலேயே நின்றன. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று காலையில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார்கள். பிளக்குக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. குளிர்ந்த இன்ஜினில் சோக் போட்டு, சூடேறுமுன் அணைத்தால் பெட்ரோலும் கரியும் நுனியில் பசையாக ஒட்டும். ஒரு வேனின் மூன்று பிளக்கிலும் இடைவெளியே தெரியாத அளவுக்குக் கரி மூடியிருந்தது. கழுவித் துலக்கிப் போட்டுக் கொடுத்தோம், அந்த நேரத்தில் யாரிடமும் புதிது கேட்க மனம் வரவில்லை.

பொருத்துவதில்தான் இடுக்கு தன் வேலையைக் காட்டும். பிளக்கை மரையில் நேராக உட்கார வைக்கக் கண் உதவாது. ஸ்பேனரை வைத்துத் தொடங்கினால் கோணலாக ஏறுவது கைக்குத் தெரியாது. எங்கள் கருவி ஒரு சாண் நீளமுள்ள பழைய பெட்ரோல் டியூப். அதன் வாயைப் பிளக்கின் தலையில் இறுக்கமாகச் சொருகி, குழிக்குள் விட்டு, விரல் நுனியால் டியூபை உருட்ட வேண்டும். முதலில் இடது பக்கம், கழற்றும் திசையில். பிளக் மரையின் வாய் ஹெட் மரையைச் சந்திக்கும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலது பக்கம் உருட்டினால் வெண்ணெயாக ஏறும். கோணல் ஏறினால் பிளக் நின்றுவிடும், டியூப் மட்டும் வழுக்கிச் சுற்றும். மரையைக் கெடுக்கும் பலம் அந்த ரப்பருக்குக் கிடையாது, அதுதான் அதன் அருமை.

பி.என். ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு பவர் டேபிள் நடத்திய அக்கா ஒருவர் இதைக் கற்றுக்கொண்ட வேகம் எனக்கு இன்றும் வியப்பு. மிஷின் ஆறேழு, சொந்த ஆம்னி ஒன்று. ஒருநாள் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "தம்பி, அந்த டியூபை இப்படிக் குடுங்க" என்று வாங்கினார். கையை விட்டார், கண்ணை எங்கோ சுவரில் வைத்துக்கொண்டார், இரண்டாவது பிளக்கை ஏற்றிவிட்டார். எப்படிங்கக்கா என்றால், "ஓவர்லாக்ல கீழ் லூப்பருக்கு நூல் கோக்கறது இதைவிட இடுக்குங்க. அதுல பாத்தா கோக்கறோம்?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: மேஸ்திரி டார்ச்சைப் பிடுங்கி எங்களுக்குப் பழக்கிய கை, இந்த ஊரில் மிஷினில் உட்கார்ந்த எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வேன் பிளக்குக்காக என்னிடம் வந்ததே இல்லை. பழைய பிளக்குகளைப் பாலிதீன் கவரில் போட்டு, வேறு வேலைக்கு வரும்போது கொண்டுவந்து காட்டுவார். ஒருமுறை மூன்றாவது மட்டும் ஈரக் கறுப்பாக இருந்தது. "இது மட்டும் ஏனுங்க இப்படி?" என்று அவர் கேட்டதால்தான் வால்வு சீல் தேய்ந்ததை ஆரம்பத்திலேயே பிடிக்க முடிந்தது.

விரலால் முழுதாக ஏறிய பிறகே ஸ்பேனர். பழைய வகைப் பிளக்குக்கு 21 எம்எம், மெலிந்த புது வகைக்கு 16 எம்எம். டார்க் ரென்ச் இருந்தால் 14 எம்எம் மரைக்கு, அலுமினிய ஹெட்டில், 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். சீட்டுக்கு அடியில் அந்த ரென்ச் நுழையாத இடமும் உண்டு. அப்போது கணக்கு இப்படி: வாஷர் ஹெட்டைத் தொட்ட இடத்திலிருந்து புது பிளக்குக்கு அரைச் சுற்று முதல் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக. அந்தத் திருகலில் வாஷர் நசுங்கி அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். அதற்கு மேல் இறுக்குவது அடுத்த முறை கழற்றுபவருக்குச் செய்யும் துரோகம்.

எந்த பிளக் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஆட்கள் எல்லா பிளக்கையும் மைக்கோ என்பார்கள். 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. பாஷிலும் என்ஜிகேயிலும் பிளக் மேல் இருக்கும் எண் சூட்டுத் தரத்தைச் சொல்கிறது, ஆனால் நேர் எதிராக. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்தும் குளிர் வகை. பாஷில் எண் கூடினால் சூட்டைத் தக்கவைக்கும் வகை. ஆறுக்கு ஆறு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கக் கூடாது. வண்டிப் புத்தகத்தில் இருக்கும் முழு எழுத்தையும் எண்ணையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். போலியும் நிறைய. மரையின் விளிம்பு சொரசொரப்பாக, நடு முனை மையம் தப்பி, எழுத்து நகத்தில் சுரண்டினால் உதிர்ந்தால் தொடவே வேண்டாம்.

வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பின்னால் வைத்து ஓட்டும் ஆம்னிகள் ஒரு காலத்தில் ஊரெங்கும் இருந்தன. அந்த வண்டியில் நான் கை வைக்க மாட்டேன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தாழ்ந்த இடத்தில் தேங்கும். ஆம்னியில் இன்ஜினும் ஆட்களும் இருப்பது ஒரே அறைக்குள். அங்கே ஒயரைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று சோதிப்பது எங்கள் அன்றாட வேலை. வருமானம் போனாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிலருக்கு வருத்தம், இன்றும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆம்னியை இடுக்கு என்று நினைத்திருந்த எங்களுக்கு 2003-இல் வந்த புது ஹோண்டா சிட்டி வேறொரு பாடம் வைத்திருந்தது. எக்ஸ்போர்ட் முதலாளிகள் நிறையப் பேர் வாங்கினார்கள். ஐ-டிஎஸ்ஐ இன்ஜின், 1497 சிசி. நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக், எட்டு காயில். ஒவ்வொரு சிலிண்டரிலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டு முனையிலிருந்தும் தீ பரவினால் மெல்லிய கலவையும் விரைவாக எரியும் என்பது எண்ணம். வேகத்தைப் பொறுத்து இரண்டும் சற்று முன்பின்னாகவும் பொறி விடும். நல்ல யோசனை, மைலேஜும் கொடுத்தது. முன்வரிசை நான்கு பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு வரும். பின்வரிசை நான்கு கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். வைப்பர் கையைக் கழற்றி, மூடியை எடுத்து, மோட்டாரை நகர்த்தினால்தான் வழி கிடைக்கும்.

அதனால் என்ன நடந்தது? பிளக் மாற்றியாச்சு என்று எழுதிய பில்லோடு வரும் வண்டிகளில் முன்வரிசை மட்டும் புதிது, பின்வரிசை கம்பெனியிலிருந்து வந்ததே. யார் செய்தது என்று நான் கேட்டதில்லை. வண்டிக்காரருக்கும் தெரிய வழியில்லை. ஒரு சிலிண்டரில் பின் பிளக் செத்தாலும் முன் பிளக் சமாளித்துவிடும், மிஸ்ஸிங் கேட்காது. மைலேஜ் மெல்ல இறங்கும், ஏசி போட்டு மேம்பாலம் ஏறும்போது வண்டி தயங்கும், அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்லாத குறை என்பதால் வருடக்கணக்கில் அப்படியே ஓடும்.

காங்கேயம் ரோட்டில் ஓர் எக்ஸ்போர்ட்டரின் மகன், கல்லூரி முடித்த பையன், அப்பாவின் பழைய சிட்டியைத் தன் கையாலேயே சரிசெய்ய ஆசைப்பட்டான். "சொல்லிக் குடுங்ணா, நானே பண்றேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டு போர்ட்டிகோவில் பக்கத்தில் நின்றேன், கருவியைத் தொடவில்லை. மூடியைத் தூக்கியதும் காயில்களுக்கு வரிசையாக எண் ஒட்டினான். ஒவ்வொரு காயிலையும் பிடித்திருக்கும் போல்ட்டை, உள்ளே நழுவிவிடாமல், சாக்கெட்டின் வாயில் துளி கிரீஸ் வைத்து எடுக்கச் சொன்னேன். பின்வரிசைக்கு நீள எக்ஸ்டென்ஷன் நேராகப் போகாது. சின்ன எக்ஸ்டென்ஷனைக் குழிக்குள் இறக்கிய பிறகே அதன் தலையில் ராட்செட்டை மாட்ட வேண்டும். முதல் பிளக் இளகும்போது முகம் சிவந்துவிட்டான். இரண்டாவதில் பழகிவிட்டது.

எட்டையும் செய்தித்தாள் மேல் இரண்டு வரிசையாக வைத்தான். முன்வரிசை வெளிர் பழுப்பு, ஓரங்கள் கூர்மையாக இருந்தன. பின்வரிசையில் நடு முனை தேய்ந்து மொட்டையாகியிருந்தது. என்ஜிகே பிளக்கின் எழுத்துக் கடைசியில் 11 என்று இருந்தால் இடைவெளி 1.1 எம்எம் என்று அர்த்தம். ஃபீலர் கேஜின் 1.1 தகடு அந்த நான்கிலும் லொடலொடவென்று ஆடியது. வரிசையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா குனிந்து ஒன்றை எடுத்து, முன்வரிசை ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "இத்தனை நாளா பாதி இன்ஜினுக்குத்தான் சர்வீஸ் பண்ணிட்டிருந்தோமா?" என்றார். ஆமாங்க என்றேன்.

புதிய எட்டும் டியூப் வைத்தே ஏறின. மூடியைத் திரும்பப் பூட்டும் முன் அதன் வடிகால் ஓட்டையைப் பார்க்கச் சொன்னேன். வேப்பஞ்சருகும் பஞ்சும் சேர்ந்து கட்டியாக அடைத்திருந்தது. அதை எடுக்காமல் விட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் அங்கே தேங்கி, பின்வரிசைக் காயில்கள் பக்கம் இறங்கும். பையன் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது கீழே வழிவதைப் பார்த்த பிறகு வைப்பரை மாட்டினான்.